சட்டைப்பையில் ஒரு தீவு

எங்கள் தெருவில் சலவைக்கடை ஒன்றுதான். முன்னால் மரக் கவுண்டர், அதன் பின்னால் இரண்டு இஸ்திரி மேசை, அதற்கும் பின்னால் பாய்லர் அறை, மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிகள். காலை ஆறு மணிக்குப் பாய்லர் சீறினால் தெருவில் பாதிப் பேருக்குக் கடிகாரம் தேவையில்லை. கடையை நடத்தும் அம்மாளை எல்லோரும் லாண்டிரியக்கா என்போம். பாய்லரைப் பார்த்துக்கொள்வது அவளுடைய கணவர். அவருக்குப் பாய்லர்காரர் என்றே பெயர் நின்றுவிட்டது. இஸ்திரி போடுவது அவருடைய தங்கை. வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர் யாரென்று தெரியாது. நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்.

அந்தக் கடைக்கு ஒரு விதி உண்டு. துணியை வாங்குகிறவர் கவுண்டரில் வைத்தே எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்துவிட வேண்டும். கிடைப்பதைச் சின்னக் கவரில் போட்டு, அதன்மேல் வாடிக்கையாளரின் குறியைப் போட்டு, கவுண்டருக்கு மேலே குறுக்கே கட்டிய கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட வேண்டும். என்ன எழுதியிருந்தாலும் படிக்கக் கூடாது. பஸ் டிக்கெட், சாவி, பாதி தின்ற மிட்டாய், பல் செட் எல்லாம் அந்தக் கயிற்றில் தொங்கியிருக்கின்றன. ஒரு தடவை கல்யாண மோதிரம் தொங்கியது. அதைத் திரும்ப வாங்கிக்கொண்ட மனிதர் நன்றி சொல்வதற்குப் பதிலாகப் பெருமூச்சு விட்டார் என்று ரேடியோ இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

குறி என்பது காலருக்கு உள்ளே அழியாத மையில் போடும் அடையாளம். பேக்கரிக்காரருக்கு ஒரு சதுரம். நர்ஸம்மாவுக்கு ஒரு கூட்டல். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரருக்கு இரண்டு வட்டம், நடுவில் ஒரு கோடு. பாய்லர்காரர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுத வராது. அதனால்தான் அவர் இந்தக் குறிகளை உண்டாக்கினார். பில் எழுதுவது அக்கா.

மழைக்காலத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது அக்காவுக்கு வயிற்றில் ஒரு வலி வந்தது. ஈரப் போர்வையைத் தூக்கும்போது சுருக்கென்று பிடிக்கும். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்து, ஸ்கேனும் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து முடிவு கேட்கப் போனவர் பாய்லர்காரர். திரும்பி வந்தவர் நேரே பாய்லர் அறைக்குள் போய், அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணும் இல்லையாம். ரத்தம் கம்மியாம். நல்லா சாப்பிடச் சொன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். முட்டை, கீரை, பால். ஈரத் துணி தூக்கக் கூடாதாம். மாடிப்படி ஏறாத."

"ரிப்போர்ட் எங்க?"

"அவங்களே வச்சுக்கிட்டாங்க."

அன்றிலிருந்து அவர் தினமும் ஒரு முட்டையை அவித்து, தானே உரித்து, அவள் தட்டில் வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் முட்டை உரித்து அக்கா பார்த்ததில்லை. ஓட்டோடு வெள்ளைக்கருவும் பாதி போய்விடும்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுத் துணியை ஊறப்போடும்போது, பழக்கத்தில் அக்காவின் விரல் கணவருடைய சட்டைப்பைக்குள் போனது. நாலாக மடித்த வழவழக் காகிதம் ஒன்று வந்தது. முன்பக்கம் நீலக் கடல், வெள்ளை மணல், கடலைப் பார்த்துச் சாய்ந்த ஒரு தென்னை. ஏதோ ஒரு தீவு. கீழே கப்பல் புறப்படும் கிழமைகள். பின்பக்கம் பென்சிலில் பொடி எழுத்து.

'டாக்டர் சொன்னது ஆறு மாதம். மழைக்கு முன் கூட்டிப் போக வேண்டும். கப்பலில் ஜன்னல் பக்கம். படி ஏற விடக் கூடாது, கீழ்த்தள அறை.' ஒரு போன் நம்பர். அதற்குக் கீழே, அழுத்தி எழுதியது: 'அவளுக்குத் தெரியக் கூடாது.'

அக்கா ஈரக் கையோடு முக்காலியில் உட்கார்ந்தாள். எழுத்து கணவருடையது இல்லை. ஆனால் அவர்தான் எழுதுவதே இல்லையே. யாரிடமோ சொல்லி எழுதி வாங்கியிருக்கிறார். யாரிடமோ சொல்ல முடிந்ததை என்னிடம் சொல்ல முடியவில்லை. வாளியில் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

கிடைத்த காகிதம் கயிற்றுக்குப் போகாதது அந்தக் கடையில் அதுதான் முதல் தடவை. அக்கா அதைப் பில் புத்தகத்தின் கடைசி அட்டைக்குள் சொருகிக்கொண்டாள். கூட்டமில்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பாள். முதலில் பின்பக்கத்தைப் படிப்பாள். பிறகு அதைத் தாங்க முடியாமல் முன்பக்கத்தைத் திருப்பி, அந்தத் தென்னையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் பாய்லர்காரர் தோளுக்குப் பின்னால் வந்தார். அவள் சட்டென்று புத்தகத்தை மூடினாள். அவர் கண்ணில் பட்டது நீலக் கடலும் தென்னையும் மட்டும். 'அடடா, இவளுக்கு இப்படி ஓர் ஆசையா' என்று அவருக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருடத்தில் கடையை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மூடியதில்லை. இவளுக்கு ஆசை இருந்தால்கூட யாரிடம் சொல்வாள்?

இரண்டு நாள் யோசித்து, ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டுகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, ஒரு நாலு நாள் எங்கயாச்சும் போய்ட்டு வந்தா என்ன?"

"எங்க?"

"எங்கன்னா... கப்பல்ல போவாங்களே, தீவு. மணல் எல்லாம் வெள்ளையா இருக்குமாம். தென்ன மரம்கூட இருக்குமாம்."

அக்காவின் கை கஞ்சிக்குள்ளேயே நின்றது.

"கப்பலா? உங்களுக்கு பஸ்ல முன் சீட் கிடைக்கலன்னாலே குமட்டுமே."

"அது பஸ்ஸு. கப்பல் வேற."

"எப்ப போகணும்?"

"மழைக்கு முன்னாடி போய்ட்டா நல்லது."

"ஏன் மழைக்கு முன்னாடி?"

"மழை வந்துட்டா துணி காயாது. கடைய விட்டு நகர முடியுமா? வேற என்ன?"

அவர் சொன்ன காரணம் நியாயமாக இருந்தது. நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. இவ்வளவு நன்றாக யோசித்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தாள்.

"உங்களுக்குப் போகணும்னு ஆசையா?"

"எனக்கென்ன, உனக்கு ஆசைன்னா சரி. உனக்கு ஜன்னல் பக்கம் சொல்லி வைக்கிறேன், என்ன?"

அக்கா குனிந்துகொண்டாள். "சரிங்க. போவோம்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பாய்லர்காரர் நினைத்தார். கப்பல் என்றாலே அவருக்கு ஆகாது. ஆனாலும் சாயங்காலமே கப்பல் ஆபீசுக்குப் போய் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். மழைக்கு முன்னால் போகிற கடைசிக் கப்பல்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் பிடிபடவில்லை. அக்கா தன் நல்ல புடவைகளை எடுத்து ரேடியோவிடம் கொடுத்தாள். மறுநாள் கடையில் எது எது எங்கே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள்.

"இந்தா, இதப் பாத்துக்க. வெள்ளைத் துணிக்கு நீலம் அரை மூடிதான். உங்கண்ணன் கைய விட்டா ஒரு மூடி ஊத்திடுவாரு. அப்புறம் சட்டை எல்லாம் ஆகாசம் மாதிரி ஆயிடும்."

"தெரியும் அண்ணி."

"காப்பியில சக்கரை ஒண்ணேகால் ஸ்பூன். ஒண்ணுன்னா பத்தலம்பாரு, ஒண்ணரைன்னா திகட்டுதும்பாரு."

"சரி."

"இடது பக்கமா படுத்தா ராத்திரி இருமுவாரு. மெதுவா திருப்பி விடணும். எழுப்பிடக் கூடாது."

ரேடியோ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அண்ணி, நீங்க போறது நாலு நாளைக்கு. அண்ணனையும் கூடத்தான் கூட்டிட்டுப் போறீங்க. அவரு எந்தப் பக்கம் படுத்தா எனக்கென்ன?"

அக்கா நீலப் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். "சும்மா தெரிஞ்சு வச்சுக்க" என்று எழுந்து போய்விட்டாள்.

ரேடியோ நேரே பாய்லர் அறைக்குப் போனாள்.

"அண்ணே, அண்ணிய என்ன சொன்ன நீ?"

"நான் என்ன சொன்னேன்? முட்டை சாப்பிடுன்னு சொன்னேன்."

"அவங்க உன்மேல கோவிச்சுக்கிட்டு வீட்ட விட்டுப் போகப் போறாங்க. எனக்கு நல்லாத் தெரியுது. புடவையெல்லாம் குடுத்துட்டாங்க."

"அடிப் பைத்தியமே, ரெண்டு பேரும் சேர்ந்துதானே போறோம்."

"அப்ப நீயும் கோவிச்சுக்கிட்டியா?"

பாய்லர்காரர் கரித்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் கறுப்பானதுதான் மிச்சம்.

அக்காவின் வலி குறைந்துகொண்டு வந்தது. முட்டையும் ஓய்வும் வேலை செய்தன. அவளுக்கு அதுவும் குழப்பமாக இருந்தது. வலி போனால் நல்லதா, இல்லை முற்றிவிட்டால்தான் வலி தெரியாதா? யாரைக் கேட்பது? விடியற்காலையில் விளக்கேற்றி நிற்கும்போது, 'எனக்கு எதுவும் வேண்டாம், இவர் கப்பலில் கஷ்டப்படாமல் இருக்கட்டும்' என்று மட்டும் கேட்டுக்கொள்வாள்.

இப்படி இருபத்தோரு நாள் போயிற்று. கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வானம் சாம்பல் பூத்து, காற்றில் ஈரம் ஏறியிருந்த ஒரு காலை. கொடியில் துணி காய மத்தியானம் ஆகும்போல இருந்தது. கண்ணாடிக்காரர் கடைக்கு வந்தார். வாரம் தவறாமல் வருகிறவர், இந்தத் தடவை மூன்று வாரமாக ஆளைக் காணோம். அவருடைய நான்கு வெள்ளைச் சட்டைகள் அலமாரியில் தூசி படாமல் மூடிக் கிடந்தன.

"என்ன அண்ணே, எங்களை மறந்துட்டீங்க?" என்றாள் ரேடியோ.

"வீட்ல கொஞ்சம் உடம்பு சரியில்ல." அவர் தலைக்கு மேலே கயிற்றில் தொங்கிய கவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஏம்மா, என் சட்டையில ஒரு பேப்பர் இருந்துச்சா? வீடு முழுக்கத் தேடிட்டேன். ஒருவேளை இங்க இருக்குமோன்னு..."

"இருந்தா கயித்துலதான் இருக்கும்" என்று பாய்லர்காரர் உள்ளேயிருந்து வந்தார். "எப்படிப்பட்ட பேப்பர்?"

"தீவுப் படம் போட்டது. ஒரு தென்ன மரம் இருக்கும். பின்னாடி பென்சில்ல எழுதியிருப்பேன்."

பில் எழுதிக்கொண்டிருந்த அக்காவின் பேனா நின்றது.

பாய்லர்காரர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஐயோ. அன்னைக்கு இவ ரத்தம் குடுக்க ஆஸ்பத்திரி போயிருந்தா. நான்தான் உங்க துணிய வாங்கினேன். பையிலேருந்து மடிச்ச பேப்பர் ஒண்ண எடுத்தேன், பிரிச்சுக்கூடப் பாக்கல, உள்ள பாய்லர் விசில் அடிச்சிருச்சு. என் பையில சொருகிட்டு ஓடினேன். அதோட மறந்தே போச்சு. அண்ணே, அந்தச் சட்டை துவைச்சே ரொம்ப நாளாச்சே. பேப்பர் கூழாப் போயிருக்கும்."

"போகல" என்றாள் அக்கா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பில் புத்தகத்தின் கடைசி அட்டையைத் திறந்தாள்.

அந்த ஒரு கணத்தில் அவளுக்குள் நடந்ததை அவள் பின்னாளில் என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். முதலில் வந்தது சந்தோஷம். எனக்கு இல்லை, எனக்கு இல்லை என்று உடம்பெல்லாம் துள்ளியதாம். அடுத்த மூச்சிலேயே, அது யாருக்கு என்பது எதிரே நின்றது. இன்னொரு பெண்ணின் தலையில் விழுந்ததைப் பார்த்தா இப்படிச் சந்தோஷப்பட்டேன் என்று தன்மேலேயே வெறுப்பு வந்ததாம்.

காகிதத்தை நீட்டினாள். மடிப்புகளில் வெள்ளை விழுந்து, ஓரம் நைந்திருந்தது. அத்தனை தடவை பிரித்து மடித்திருக்கிறாள்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. படிச்சுட்டேன். இவரு பையில இருந்துச்சு. அதனால..."

கண்ணாடிக்காரர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு அவள் கண்ணைப் பார்த்தார். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதுதான் அவர் தொழில்.

"உங்களப் பத்தின்னு நெனச்சுக்கிட்டீங்களா, தங்கச்சி?"

அவள் தலையாட்டினாள்.

"எத்தன நாளா?"

"இருபத்தோரு நாள்."

பாய்லர்காரர் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். "என்ன நெனச்ச? பேப்பர்ல என்ன எழுதியிருக்கு? எனக்கு ஒண்ணும் புரியலையே."

"கொஞ்சம் இருங்க" என்றாள் அக்கா.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "என் வீட்டுக்காரிக்குத்தான். சின்ன வயசுலேருந்து ஒரு தீவப் பாக்கணும்னு சொல்லிட்டே இருப்பா. அந்த நம்பர் இல்லாம ரூம் சொல்ல முடியாமத் திண்டாடிட்டேன். அது கெடக்கட்டும். தங்கச்சி, இத நான் வேற யாரையும் கேக்க முடியாது. இப்படி ஒரு பேப்பரப் படிச்சவங்க உங்களத் தவிர யாரும் இல்ல. அவகிட்ட சொல்லணுமா? வேணாமா?"

ரேடியோவின் இஸ்திரிப் பெட்டி மேசையில் நிமிர்ந்து நின்றது.

அக்கா கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவு பயம் ரெண்டு நாள்தான் அண்ணே. அதுக்கப்புறம் அதுவும் பழகிடுது. எனக்குத் தாங்க முடியாம போனது வேற. இவரு முட்டைய உரிச்சுத் தட்டுல வைப்பாரு. எனக்குத் தெரியும்னு இவருக்குத் தெரியக் கூடாதுன்னு நான் சிரிக்கணும். நான் அழுதா இவரு ஒடஞ்சு போயிடுவாருன்னு முழுங்கிட்டு சாப்பிடணும். இருபத்திரெண்டு வருஷத்துல, ஒரே வீட்ல இருந்துக்கிட்டே நான் தனியா இருந்தது இந்த இருபத்தோரு நாள்தான்."

பாய்லர்காரர் மெதுவாகச் சுவரோரம் இருந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அவ தாங்குவாளா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அண்ணே, இல்லாத நோவே எனக்குத் தெரிஞ்சுச்சு. இருக்கிற நோவு அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? உங்களுக்காகத் தெரியாத மாதிரி சிரிச்சுக்கிட்டு இருக்காங்களோ என்னவோ."

அவர் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"இப்படிக் குடுங்க" என்று அக்கா காகிதத்தைத் திரும்ப வாங்கினாள். நேராகச் சூடு பட்டால் வழவழக் காகிதம் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும் என்று மேலே மெல்லிய துணியைப் போட்டு, இரண்டு பக்கமும் தேய்த்தாள். மடிப்பெல்லாம் அமுங்கித் தென்னை நேரானது. "அவங்க கொண்டுபோற துணியெல்லாம் எங்கிட்ட அனுப்புங்க. கஞ்சி போடாம, மெத்துன்னு பண்ணித் தரேன். உடம்பு முடியாதவங்களுக்கு வெறைப்பான துணி உறுத்தும்."

அவர் சட்டைகளையும் காகிதத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். மனிதருடைய தவறுகளில் சிலதைக் கடவுள் வீணாக்குவதில்லை என்றுதான் நான் நம்புகிறேன். எதை எங்கே எடுத்து வைக்கிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

அவர் போனதும் ரேடியோ பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் அண்ணனுக்கு விளக்கினாள். பாய்லர்காரருக்கு முதலில் கோபம் வந்தது.

"அடிப்பாவி, ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாமே! ஒண்ணுமில்லன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"பாய்லரப் பாத்துச் சொன்னீங்க. என்னப் பாத்தா சொன்னீங்க?"

"முள்ளு சிவப்புல நின்னுச்சு. உன்னப் பாத்திருந்தா நாம மூணு பேரும் அன்னைக்கே போயிருப்போம்."

ரேடியோ முதலில் சிரித்தாள். பிறகு அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. பாய்லர்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு காய்ந்த டவலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அது பேக்கரிக்காரருடைய டவல்.

"அப்ப அந்தக் கப்பல்?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "உனக்குத்தான் ஆசைன்னு பேர் குடுத்துட்டேனே."

"எனக்கா? உங்களுக்குத்தானே!"

"எனக்குக் கப்பல்னாலே..." அவர் வயிற்றைத் தொட்டுக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரு நாள் கடைக்கு வராம வீட்ல படுத்துத் தூங்குங்க" என்றாள் ரேடியோ. "அதுதான் உங்களுக்குத் தீவு. இந்தாங்க அண்ணி, உங்க புடவ. அந்தப் பச்சை மட்டும் எங்கிட்டயே இருக்கட்டும்."

கப்பல் ஆபீசுக்குப் போய், அந்த இரண்டு இடத்தையும் கண்ணாடிக்காரர் பெயருக்கு மாற்றிவிட்டு வந்தார் பாய்லர்காரர். ஒன்று ஜன்னல் பக்கம்.

நான்கு நாள் கழித்து, கண்ணாடிக்காரர் வீட்டிலிருந்து ஒரு மூட்டை வந்தது. மூன்று பருத்திப் புடவை, ஒரு சால்வை, இரண்டு வெள்ளைச் சட்டை. கொண்டுவந்த ஆட்டோக்காரர் வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா கவுண்டரிலேயே பைகளை இழுத்துப் பார்த்தாள். இரண்டாவது சட்டையில் அதே காகிதம் இருந்தது. மனிதருக்கு மறதி போகவில்லை.

ஒரு கவரை எடுத்து, இரண்டு வட்டமும் நடுவில் ஒரு கோடும் போட்டாள். உள்ளே வைக்கும்போது பின்பக்கம் தெரிந்தது. படிக்கக் கூடாது என்பது அவளே போட்ட விதி. படித்தாள்.

'அவளுக்குத் தெரியக் கூடாது' என்ற வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. 'ஜன்னல் பக்கம்' என்பதும் அடிக்கப்பட்டு, பக்கத்தில் சற்றே நடுங்கிய வேறொரு கையெழுத்தில் இருந்தது: 'ஜன்னல் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதற்கா அவ்வளவு தூரம்? மேல்தளத்தில் காற்றில் உட்கார வேண்டும். படியில் நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள்.'

அக்கா அந்தக் கவரைக் கயிற்றில் மாட்டவில்லை. கவுண்டரை ரேடியோவிடம் விட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். முதல் தூறல் விழத் தொடங்கியிருந்தது. கவர் நனையாமல் முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.